உயிர் காக்கும் கடமை யாருடையது?

நம் மஹல்லாவில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் என்னென்ன நடக்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். செய்தி எட்டிய சிறிது நேரத்திற்கெல்லாம் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கு புறப்பட ஏற்பாடாகிறது. கபன் துணி தயாராக இருக்கிறது. கற்பூரமும் அத்தரும் இருக்கின்றன. மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண் மையித்துக்கு ஆண்கள் வருகிறார்கள். பெண் மையித்துக்குப் பெண்கள் வருகிறார்கள். எந்தப் பக்கத்தை முதலில் கழுவ வேண்டும், ஆணுக்கு எத்தனை துண்டு, பெண்ணுக்கு எத்தனை துண்டு என்றெல்லாம் அவர்கள் யாரையும் கேட்டுக் கொண்டிருப்பதில்லை. கை தானாக வேலை செய்கிறது.

இவர்கள் இந்தக் காரியத்தை மரணம் நேர்ந்த பிறகா கற்றுக்கொண்டார்கள்? இல்லை. யாரும் சாகாத நாளில், பெரியவர்களின் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துப் பழகினார்கள். அவ்வாறு பழகியவர்கள் நம்மிடையே இருப்பதால்தான் நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இனி மற்றொன்றை எண்ணிப் பாருங்கள். அதே மஹல்லாவில் ஒருவர் சாகாமல், ஆனால் சாகும் நிலையில், இரத்தம் பெருக விழுந்து கிடக்கிறார். ஒருவர் அல்லர், நூறு பேர் விழுந்து கிடக்கிறார்கள். அப்போது நம்மிடம் யார் இருக்கிறார்கள்? எவருடைய பெயர் நமக்குத் தெரியும்? எந்த அலமாரியில் எந்தத் துணி தயாராக இருக்கிறது?

இறந்தவரை முறைப்படி அனுப்பி வைக்க ஆள் பழக்கி வைத்திருக்கும் சமுதாயம், இறக்காமல் காக்க ஆள் பழக்கி வைக்கவில்லையென்றால், அது வெறும் கவனக்குறைவா, அல்லது அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய குற்றமா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் கேள்வி.

பர்ளு கிபாயா என்பதன் பொருள்

நம் மதரஸாக்களில் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்த பாடம் இது. பர்ளு இருவகைப்படும். ஒன்று பர்ளு ஐன்; தொழுகையையும் நோன்பையும் போல ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது. மற்றொன்று பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள்மேல் இருந்த கடமை நீங்கிவிடும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளியாவர். இதற்கு உதாரணமாக நமக்குச் சொல்லப்பட்டது ஜனாஸாத் தொழுகைதான். அதனால் பர்ளு கிபாயா என்றவுடனே நம் மனம் மையவாடிக்குப் போய்விடுகிறது.

ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அங்கே நிற்கவில்லை. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த அப்பெரியார், தமது இஹ்யா உலூமுத்தீன் என்னும் நூலில் கல்வியைப் பற்றி எழுதும்போது, வைத்தியத்தையும் பர்ளு கிபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். அதுமட்டுமன்று. பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் சட்டத் தர்க்கம் படிக்க மட்டும் கூட்டங்கூட்டமாய்ப் போகிறார்களே என்று வருந்தவும் செய்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த வருத்தம் இன்றைக்கும் பழையதாகிவிடவில்லை.

இன்று நம் பிள்ளைகளில் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். தாதிகளும் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பர்ளு தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கக்கூடும். சாதாரண நாளைக்கு அது சரி. பேரிடர் நாளைக்கு அது போதாது. ஏன் போதாது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பினாங்கின் சரித்திரமே சாட்சி சொல்லும்.

பினாங்கு கண்ட நாட்கள்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, வியாழக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் பட்டணத்தின்மேல் குண்டு வீசின. ஜனங்களுக்கு ஆகாயத் தாக்குதல் என்றால் என்னவென்றே பழக்கமில்லை. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்தின்மேல்தான் குண்டும் தோட்டாவும் விழுந்தன. அடுத்து வந்த சில நாட்களில் ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு, ஊராருக்குச் சொல்லாமலே கப்பலேறிப் போய்விட்டார்கள். காயம்பட்டவர்களும், கட்டையிலே கிடந்தவர்களும், பட்டணமும் நமக்கே விடப்பட்டன. அந்நேரத்தில் ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியரான எம். சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர், எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பினாங்கு சேவைக் குழுவை அமைத்து ஊரைப் பார்த்துக்கொண்டார். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வரும்வரை பினாங்குக்குச் சர்க்கார் என்று இருந்தது பினாங்கு மக்களேதான். “அதெல்லாம் சர்க்கார் காரியம்” என்று சொல்லுகிறவர்கள் அந்த ஒரு வாரத்தை மறந்துவிடக்கூடாது.

1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத்துறை. புக்கிட் மெர்தாஜாமில் கிறிஸ்தவர்களின் புனித அன்னம்மாள் திருநாள். தீவில் சீனர்களின் ஒரு திருநாள். இரு பக்கத்துக் கூட்டமும் படகுத்துறையில் நெருங்கியது. பாரம் தாங்காமல் மேல்தளம் இடிந்து கீழே நின்றவர்கள்மேல் விழுந்தது. 32 பேர் மாண்டனர். காயமடைந்தவர்கள் 1,634 பேர்.

இந்த இரண்டாவது எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரே மாலையில், ஒரே இடத்தில், ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள்! எந்த ஆஸ்பத்திரி இத்தனை பேருக்கும் டாக்டரையும் தாதியையும் தயாராக நிறுத்தி வைத்திருக்க முடியும்? உலகத்தில் எந்தச் சர்க்காராலும் முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் அரை மணி நேரம், பக்கத்தில் நிற்பவன் கையில்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவனுக்குக் கை இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதியை நாம் யாரும் மறக்கவில்லை. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் உல்லாசமாக இருந்தவர்களைக் கடல் வந்து அள்ளிக்கொண்டது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தவர். அன்றே நம்மில் பலருடைய பூர்வீகமான தமிழகக் கடற்கரையிலும் அலை ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே கடல்நீர் புகுந்துவிட்டது. நோயாளியைக் காக்க வேண்டிய இடமே காப்பாற்றப்பட வேண்டிய இடமாகிவிட்டது! நாகூர் தர்காவில் ஜனங்கள் தஞ்சம் புகுந்தார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், சாதி மதம் பாராமல் பக்கத்து மீனவர் குப்பங்களுக்கு ஓடிச் சென்று உதவியதை நாடே புகழ்ந்தது.

பிறகு 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி இரவும் மறுநாளும் பெய்த பெருமழை. பினாங்கில் ஏழு பேர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு நிவாரண நிலையங்களுக்குப் போயினர்.

ஆகவே, “பினாங்கு பாதுகாப்பான தீவு, இங்கே என்ன வந்துவிடப் போகிறது?” என்று பேசுவதற்கு நமக்கு இடமில்லை. எப்போது வரும் என்பது மட்டுமே நமக்கு மறைவானது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். செயல்கள் யாவும் எண்ணத்தைக் கொண்டே என்பது நாம் எல்லோரும் அறிந்த ஹதீதின் கருத்து. ஆபத்து நாளில் ஒருவன் நல்ல நிய்யத்தோடு ஓடிப் போய்த் தன்னால் இயன்றதைச் செய்கிறான். அவனுக்குக் கூலி உண்டல்லவா? அதற்குமேல் அவனிடம் என்ன கேட்க முடியும்?

கேட்கலாம் என்றே நாம் கருதுகிறோம். அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். இரவில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. காயத்தை முன்னிட்டுத் தயம்மும் செய்து கொள்ளலாமா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அன்னார் மிகவும் கோபங் கொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றும், தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றும் கண்டித்தார்கள். அந்தத் தோழர்களின் நிய்யத்தில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. மார்க்கத்தைப் பேண வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆயினும் நல்லெண்ணம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

இன்னொரு ஹதீதும் அதே நூலில் இருக்கிறது. வைத்தியம் அறியாதவன் வைத்தியம் பார்த்தால், நேரும் கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது என்ன? நிய்யத் செயலுக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் அறிவின் இடத்தை அது நிரப்புவதில்லை.

நடைமுறையில் பாருங்கள். இடிபாட்டில் கிடப்பவனை நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் காரில் திணிக்கிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால், உயிரோடு நடக்கக்கூடியவனை ஆயுள் முழுதும் படுக்கையில் போட்டவர்கள் அந்த நாலு பேர்தாம். மூர்ச்சையானவன் வாயில் இரக்கத்தோடு தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழலில் இறங்குகிறது. பீறிடும் இரத்தத்தின்மேல் காப்பித்தூளை அப்புகிறார்கள். அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்கும் இரத்தம் நிற்காமல், புண்ணும் சீழ்ப் பிடிக்கிறது. இவர்களெல்லாம் கல்நெஞ்சர்களா? அல்லர். கண்ணீரோடு செய்கிறார்கள். கண்ணீர் கையைத் திருத்துவதில்லை.

அதே இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவார். மூச்சு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால், முதுகில் அடியில்லாதவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். மூச்சே நின்றுவிட்டவருக்கு, நெஞ்சின் நடுவே நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துவார். இவையெல்லாம் காகிதத்தில் படித்து வருவதல்ல. தொழுகையின் நிலைகளை எப்படி ஒருவர் செய்து காட்ட நாம் செய்து பழகினோமோ, அப்படியே ஆசிரியர் முன்னால் மண்டியிட்டுப் பழக வேண்டியவை.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: பேரிடரைப் பொறுத்தவரையில் இந்தப் பர்ளு நம்மேல் விழுவது பேரிடர் நாளில் அன்று; அதற்கு முந்திய சாதாரண நாட்களில்தான். அன்றைக்கு ஓடியவனுக்கு அன்றைய கூலி உண்டு. ஆனால் கற்கக்கூடிய காலமெல்லாம் கற்காமல் இருந்ததற்கு ஊராரிடம் தனிக் கேள்வி உண்டு. வாடிக்கைக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகு மொத்தக் கடைக்கு ஓடுகிறவனை யாரும் வியாபாரி என்று சொல்லுவதில்லை.

யாரை முதலில் பார்ப்பது?

பயிற்சி என்பது கட்டுப் போடுவது மட்டுமன்று. அதில் நியாயத்தைப் பற்றிய பாடம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

நூறு பேர் கிடக்கும் இடத்தில் பழகாத மனிதனின் கால் எங்கே ஓடும்? முதலில் தன் உறவினனிடம். அடுத்துத் தன் இனத்தானிடம். அடுத்து உரக்கக் கத்துகிறவனிடம். இது மனித சுபாவம். இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உரக்கக் கத்துகிறவனுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமின்றி மூலையில் கிடப்பவனே பெரும்பாலும் போய்க்கொண்டிருப்பவன்.

நெப்போலியனின் படையில் லாரி என்றொரு வைத்தியர் இருந்தார். தளபதி என்றும் சிப்பாய் என்றும் பாராமல், எவனுடைய காயம் அவசரமோ அவனை முதலில் பார்ப்பது என்னும் முறையைக் கைக்கொண்டார். இன்று அது உலகெங்கும் பேரிடர் சிகிச்சையின் முதல் விதியாகிவிட்டது. உடனே பார்க்க வேண்டியவனுக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவனுக்கு மஞ்சள், நடந்து போகக்கூடியவனுக்குப் பச்சை, கைகடந்து போனவனுக்குக் கறுப்பு என்று அடையாளச் சீட்டுக் கட்டுகிறார்கள்.

கறுப்புச் சீட்டைக் கட்டுகிற கை எவ்வளவு நடுங்கும்! கிடப்பவன் தன் சொந்தத் தம்பியாக இருந்தால்? பக்கத்தில் அந்நிய சாதிக் குழந்தை ஒன்று பிழைக்கக்கூடிய நிலையில் இருந்தால்? சொந்த பந்தங்களுக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது குர்ஆன் ஷரீபின் கட்டளை. அதை நாம் சாட்சிக் கூண்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடுகிறோம். இடிபாட்டின் நடுவிலும் அதே கட்டளைதான். நெஞ்சில் இருக்கும் ரஹ்மத்துக்கு நியாயத்தைக் கற்பிக்கிறது பயிற்சி. ஒருவரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்று அல்லாஹ் சொல்லும்போது, அந்த ஒருவர் எந்த இனத்தவர் என்று குறிப்பிடவில்லை. பட்டர்வொர்த் படகுத்துறையில் கிடந்தவர்களில் பலர் கோவிலுக்கும் மாதா கோயிலுக்கும் போகப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கு ஓடுவது மார்க்கத்துக்கு வெளியேயான காரியமன்று; மார்க்கமே அதுதான்.

நம் பெண்மக்கள்

இந்த இடத்தில்தான் நம்மில் சிலருக்குத் தயக்கம் வருகிறது. பையன்கள் போகட்டும், பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்கிறார்கள். இவர்களுடைய கவலையை நாம் இலேசாக எண்ணவில்லை. பெண்ணைப் பெற்றவர்களின் மனம் அப்படித்தான் இருக்கும். எனினும் நம் சரித்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு பட்டுக் காயமுற்றபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பள்ளிவாசலில் அமைந்திருந்த கூடாரத்தில் வைத்துக் கவனிக்கச் செய்தார்கள். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த அம்மையார் ருஃபைதா (ரலி). இன்று நாம் எதை வேண்டாம் என்று தயங்குகிறோமோ, அது மஸ்ஜிதுந் நபவியின் எல்லைக்குள் நடந்தது! உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நாயகத்தோடு ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்தும், காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டும், நோயாளிகளைப் பராமரித்தும் இருக்கிறார்கள். ருபைய்யிஃ (ரலி) அவர்களும் மற்றப் பெண்மணிகளும் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, காயம்பட்டவர்களை மதீனாவுக்குக் கொண்டு வந்தார்கள். மூன்றாவது நான்காவது தலைமுறையின் கதையல்ல இது. முதல் தலைமுறையின் நடப்பு.

நம் மலாயாவிலும் முன்மாதிரி உண்டு. 1943இல் இந்தியத் தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். அதன் தாதியர் பிரிவுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? சாந்த் பீபி. மொகலாயப் படை வந்து முற்றுகையிட்டபோது அகமதுநகர்க் கோட்டையைக் காத்து நின்ற முஸ்லிம் பெண்மணியின் பெயர் அது.

காரியத்தை நடைமுறையிலும் பாருங்கள். வெள்ள நாளில் நிவாரண நிலையத்தில் ஐம்பது பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. ஒருத்தி பிள்ளை பெற்றுப் பத்து நாள். ஒருத்தி இன்சுலின் ஊசியை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்த கிழவி. தங்கள் தொல்லைகளை இவர்கள் யாரிடம் சொல்லுவார்கள்? பெண் இல்லாத தொண்டர் படையிடம் வாய் திறக்க மாட்டார்கள். வெட்கத்தோடு நோயையும் மறைப்பார்கள். பெண்ணின் மானத்தைக் காக்க வேண்டும் என்பவர்கள்தாம் முதலில் தங்கள் பெண்பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். பெண் மையித்தைக் குளிப்பாட்டப் பெண்ணைப் பழக்கினோமே, அதே நியாயம்தான் இதற்கும். உடையில் ஒழுங்கு, பயிற்சியில் தக்க துணை, கூடிய மட்டும் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று ஏற்பாடு செய்துகொள்வதில் ஒரு தடையும் இல்லை. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் ஷரீஅத்தே இடம் கொடுத்திருக்கிறது என்பதை ஆலிம்கள் அறிவார்கள்.

கத்ரும் ஒட்டகமும்

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அவ்வூருக்குள் போகாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்தில் விடை சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் நாம் அறிந்ததே. வெள்ளமும் கத்ருதான், கட்டுத்துணியும் கத்ருதான்.

இன்னும் சிலர், “நாம்தான் சோறு கொடுக்கிறோமே” என்பார்கள். உண்மை. பினாங்கில் நம்மவர்கள் சோறு ஆக்குவதில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். எந்த இடர் வந்தாலும் நம் அண்டாக்கள் அடுப்பில் ஏறிவிடும். அது பெரிய தர்மம். அதைக் குறைத்துப் பேச நாம் யார்? ஆனால் சோறு நமக்குக் கைவந்த கலை. கைவந்ததை மட்டும் செய்துவிட்டு, கைக்கு வராததைக் கடமையில்லை என்று கழித்துவிடக் கூடாது. இரத்தம் கொட்டுகிறவன் கையில் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்து என்ன பயன்? வயிற்றுப்போக்கால் வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு, கொதித்தாறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கத் தெரிந்தவர் ஒருவர் நம் அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தத் தர்மம் முழுமையாகும். சீனியும் உப்பும் நம் கடைகளில்தானே இருக்கின்றன!

இத்தாலியில் 1859இல் சால்ஃபரினோ என்னுமிடத்தில் நடந்த சண்டையில், ஹென்றி டூனான் என்னும் வியாபாரி ஆயிரக்கணக்கானோர் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். ஊர்ப்பெண்களைச் சேர்த்துக்கொண்டு தம்மாலானதைச் செய்தார். பிறகு 1862இல் ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். சமாதான காலத்திலேயே தொண்டர்களைத் திரட்டிப் பயிற்றி வைக்க வேண்டும் என்பதே அவருடைய யோசனை. அடுத்த ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. துருக்கியர் பிறையை அடையாளமாகக் கொண்டார்கள்; நம் நாட்டுச் சங்கமும் 1975இல் செம்பிறைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கருணையால் துடித்த வியாபாரி ஒருவர், அந்தத் துடிப்பு ஆறிய பின்பும் உட்கார்ந்து கணக்குப் போட்டதால் விளைந்தது இது. கடை நடத்துகிற நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

செய்ய வேண்டியது

நம் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு பள்ளிவாசல் வட்டத்திலும் ஆண்கள் பத்துப் பேர், பெண்கள் பத்துப் பேர் முன்வரட்டும். வாலிபர்கள் மட்டும் என்றில்லை. நாற்பது ஐம்பது வயதுக்காரர்களும் வரலாம். நாமே புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறக்க வேண்டியதில்லை. செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை ஆகியவை முதலுதவி கற்பிக்கின்றன. அங்கே போய் முறையாகக் கற்று, சான்று பெற்று, அதைக் காலந் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஓய்வு பெற்ற தாதிகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். நம் வாயில் ‘மிசி’ என்று மரியாதையோடு அழைக்கப்பட்ட அவர்களுடைய அனுபவம் வீட்டில் வீணாகக் கூடாது. மாதம் ஒரு நாள் வந்து நம் பிள்ளைகளின் கையைத் திருத்தட்டும்.

வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலும் வயிற்று நோயும் வரும். ஆதலால் தண்ணீர் காய்ச்சுவது, கை கழுவுவது, காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதிருப்பது ஆகியவற்றையும் வீடு வீடாகச் சொல்லத் தெரிய வேண்டும். மஹல்லாவில் நடமாட முடியாத முதியவர் யார், தினமும் ஊசி போடுபவர் யார் என்னும் பட்டியல் ஒன்று நம்பகமான ஒருவர் கையில் இருக்க வேண்டும். கபன் துணி இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் கட்டுத்துணிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். ரமலானில் கணக்குப் பார்ப்பதுபோல் வருஷந்தோறும் அதன் தேதியையும் பார்க்க வேண்டும்.

அடக்கம் இன்னொரு பாடம். அழைப்பில்லாமல் கூட்டமாய் ஓடி ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைத்துக் கொள்வது சேவையல்ல. முதலில் 999க்குச் சொல்லி, பிறகு பொறுப்பாளர் காட்டிய இடத்தில் நிற்க வேண்டும். கற்ற அளவுக்கே கை வைக்க வேண்டும். நாலு பாடம் படித்தவுடன் டாக்டராகிவிடக் கூடாது. படமெடுத்துக் கொள்வதற்கும் பதாகை கட்டுவதற்கும் வேறு நாட்கள் உண்டு.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் வேண்டியதில்லை. வேண்டியது சில சனி ஞாயிறுகள். நம் கடைகளில் சனி ஞாயிறுதான் வியாபாரம் என்பது நமக்கும் தெரியும். வேலைக்கிருக்கும் பையனை முறை வைத்து ஒரு நாள் அனுப்பினால் கல்லாவில் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவுதான் நாம் கொடுக்கும் சதக்கா. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பழகியும், நம் வாழ்நாளில் பேரிடர் ஒன்றும் வராமலே போகலாம். அப்படியானால் உழைப்பு வீணா? காவலிருந்த இரவில் திருடன் வராவிட்டால் காவலாளியின் கூலியை யாரும் பிடித்துக்கொள்வதில்லை. தயாராக இருப்பதே கடமை. அழைப்பு வருவதும் வராததும் அவன் நாட்டம்.

சகோதரர்களே, சகோதரிகளே! குளிப்பாட்டத் தெரிந்தவர்களின் பெயர்கள் நம் எல்லோருக்கும் தெரியும். காப்பாற்றத் தெரிந்தவர்களின் பெயர்களும் அவ்வாறே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் முதற்பெயர் உங்கள் வீட்டுப் பெயராக இருக்கட்டும். அல்லாஹ் நம் ஊரையும் எல்லா ஊர்களையும் ஆபத்துகளிலிருந்து காப்பானாக! ஆபத்து வந்த நாளில் நம் கைகளைப் பயனுள்ள கைகளாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.